அறுபது நாள் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? வீட்டை ஏலத்தில் இழந்தவளின் அனுபவம்

எங்கள் வீடு போன வருடம் பேங்க் ஏலத்தில் போய்விட்டது. தவணை கட்ட முடியவில்லை, அதனால் போனது. அதைப் பற்றி இப்போது அழுது பயனில்லை. ஆனால் முதல் நோட்டீஸ் வந்ததிலிருந்து ஏலம் முடியும்வரை எங்களிடம் நிறைய நேரம் இருந்தது. அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லியிருந்தால், வீடு போயிருந்தாலும் கையில் 16 லட்சத்துக்கு மேல் கூடுதலாக நின்றிருக்கும். அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் திருப்பூர்க்காரர்கள். என் வீட்டுக்காரர் பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 2018-ல் ஊருக்கு வெளியே 3 சென்ட் இடத்தில் வீடு கட்ட ஒரு தனியார் பேங்கில் 30 லட்சம் ஹவுசிங் லோன் வாங்கினோம். இருபது வருடக் கடன், மாதம் 28,000 தவணை. கொரோனா சமயத்தையே எப்படியோ தாண்டி வந்துவிட்டோம். அதற்கப்புறம்தான் அடி விழுந்தது. 2022-ல் நூல் விலை ஏறிய ஏற்றத்தில் பெரிய கம்பெனிகளே ஆர்டர் எடுக்கத் தயங்கின. அவர்கள் எடுத்தால்தான் எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களுக்குத் துணி வரும். அதே நேரத்தில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது பேங்குகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டு வந்தது. எங்களுடையது மாறும் வட்டி. தவணை 30,000-ஐத் தாண்டியது. வருமானம் பாதியாகி தவணை ஏறினால் என்ன ஆகும்? 2023 தீபாவளிக்கு அப்புறம் எங்களால் கட்ட முடியவில்லை.

இங்கேயே முதல் விஷயம். தவணை தவறி 90 நாள் ஆனால் கணக்கை வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. என்று பேங்க் வகைப்படுத்திவிடும். அந்த 90 நாளுக்குள் நீங்கள் பேசுவது வேறு, அதற்குப் பிறகு பேசுவது வேறு. முதல் மூன்று மாதம் பிராஞ்ச் மேனேஜருக்கும் உங்கள் கணக்கைக் காப்பாற்ற ஆசை இருக்கும். கடன் காலத்தை நீட்டி தவணையைக் குறைக்க முடியுமா, கொஞ்ச நாளைக்கு வட்டி மட்டும் கட்டலாமா என்று எழுத்தில் கேட்க வேண்டிய நேரம் அதுதான். என்.பி.ஏ. ஆன பிறகு 10,000, 15,000 என்று கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுகிறோமே, ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒரு நிம்மதி. ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இருக்கும் அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டி முடித்தால்தான் கணக்கு வாராக்கடனிலிருந்து வெளியே வரும். பாதி கட்டினால் வராது. அப்போதைய எங்கள் பாக்கி ஒன்றே கால் லட்சத்துக்குள்தான். அந்த வாரமே நகையை வைத்து அதை அடைத்துவிடுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அதே நகையைப் பின்னால் வைத்தோம், எதற்கும் பிரயோஜனமில்லாத ஒரு கட்டத்தில்.

2024 சித்திரையில் ரெஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் வந்தது. சர்ஃபாசி சட்டம், 2002, பிரிவு 13(2). 27 லட்சத்து சொச்சத்தை 60 நாளுக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் வீட்டைச் சுவாதீனம் எடுப்போம் என்று இருந்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டு மடித்து பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. அத்தைக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. விசாரித்த இடத்தில் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "அதெல்லாம் கோர்ட்டு, கேசுன்னு வருசக்கணக்குல இழுக்குமுங்க. குடும்பம் குடியிருக்கிற வீட்டை அப்படியெல்லாம் எடுத்துட முடியாதுங்க." ஆறுதலாகத்தான் சொன்னார்கள். எங்களுக்கு அதிக நஷ்டம் கொடுத்தது இந்த ஆறுதல்தான்.

ஏனென்றால் இது பழைய காலத்து அடமான வழக்கு மாதிரி கிடையாது. முன்பெல்லாம் பேங்க் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, டிக்ரி வாங்கி, அதை நிறைவேற்ற இன்னொரு மனு போட்டு, அப்புறம்தான் ஏலம். வருடக்கணக்கில் இழுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது அதை வைத்துத்தான். சர்ஃபாசி சட்டம் வந்ததே அந்தக் காலதாமதத்தைத் தாண்டத்தான். பேங்க் வழக்கே போட வேண்டியதில்லை. அதுவே நோட்டீஸ் கொடுக்கும், அதுவே சுவாதீனம் எடுக்கும், அதுவே ஏலம் போடும். நாம் வீட்டைக் காலி செய்யாவிட்டால் போலீஸ் துணை வாங்குவதற்காக மட்டும் நீதிமன்றத்துக்குப் போகும். விவசாய நிலத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அடமானம் வைத்த குடியிருப்பு வீட்டுக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை.

அந்த 60 நாளில் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, பிரிவு 13(3ஏ)-ன் கீழ் ஆட்சேபணைக் கடிதம். கணக்கில் என்ன தப்பு இருக்கிறது, எந்தக் கட்டணம் கூடுதல், நீங்கள் கட்டிய எந்தத் தொகை வரவு வைக்கப்படவில்லை, எவ்வளவு அவகாசம் கேட்கிறீர்கள் என்று எழுதி ஒப்புகையோடு அனுப்புங்கள். பேங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் பின்னால் தீர்ப்பாயத்தில் அது உங்கள் பக்கத்துக்கு ஒரு பலம். கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்கி வரி வரியாகப் பாருங்கள். 2024-லிருந்து அபராத வட்டி என்று வட்டியோடு சேர்த்துப் போடக் கூடாது, அபராதக் கட்டணம் என்று தனியாகத்தான் காட்ட வேண்டும், அதன் மேல் வட்டி ஏறக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

இரண்டாவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. திரும்பக் கட்ட வழியே இல்லை என்று உள்மனதுக்குத் தெரிந்துவிட்டால், வீட்டை நீங்களே விற்றுவிடுங்கள். எங்களுக்கு அப்போது 58 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி வந்தது. பக்கத்து வீதிக்காரர், நல்ல மனிதர். பேங்க் கடனை அடைத்தாலும் எங்கள் கையில் 30 லட்சம் நின்றிருக்கும். ஆனால் 13(2) நோட்டீஸ் வந்த பிறகு பேங்கின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் சொத்தை விற்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 13(13) பிரிவு சொல்கிறது. வாங்குபவர் சம்மதக் கடிதம் கேட்டார், அது நியாயம்தான். நாங்கள் பிராஞ்சுக்குப் போனால் "உங்க ஃபைல் லீகலுக்குப் போயிடுச்சு, எங்க கையில ஒண்ணுமில்ல" என்றார்கள். லீகல் எங்கே இருக்கிறது, யாரைப் பார்ப்பது என்று சொல்லவில்லை. போய்ப் போய்ப் பார்த்துவிட்டு பார்ட்டி வேறு வீடு வாங்கிக்கொண்டார். பின்னால்தான் தெரிந்தது, நோட்டீஸின் அடியில் கையெழுத்துக்குக் கீழே 'அங்கீகரிக்கப்பட்ட அலுவலர்' என்று ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் எல்லாம். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் பிராஞ்சில் நிற்காதீர்கள். வாங்குபவரின் பெயர், விலை, பணம் நேராகக் கடன் கணக்குக்கே வரும் என்ற உறுதி, இத்தனை நாளில் பத்திரம் முடியும் என்ற தேதி, இவை எல்லாம் எழுதி அந்த அலுவலருக்குப் பதிவுத் தபாலிலும் இமெயிலிலும் அனுப்புங்கள். முழுப்பணம் வருகிறது என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஏலம் போடும் செலவும் அலைச்சலும் அவர்களுக்கும் மிச்சம்தானே.

60 நாள் முடிந்து சில வாரத்தில் கதவில் சுவாதீன அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். இது பிரிவு 13(4). காகிதத்தில்தான் சுவாதீனம், நாம் உள்ளேயே குடியிருக்கலாம். ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டு நாளிதழ்களில் அந்த அறிவிப்பு வர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். தமிழ்ப் பேப்பரில் எங்கள் இரண்டு பேர் பெயர், அப்பா பெயர், வீதி, கடன் தொகை, வீட்டின் நான்கு எல்லை எல்லாம் அச்சாகி வந்தது. நாங்கள் யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்ததை ஊரே படித்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் என் சித்தி எல்லார் எதிரிலும் "பேப்பர்ல பார்த்தேன், என்ன கண்ணு இது?" என்று கேட்டார். பந்தியில் உட்காராமலே வந்துவிட்டேன். அதன் பிறகு பல மாதம் எந்த விசேஷத்துக்கும் நான் போகவில்லை. இப்போது யோசித்தால், சொந்தபந்தத்துக்கு எப்படியும் தெரியத்தான் போகிறது, அதை நாமே முன்னால் போய்ச் சொல்லியிருந்தால் நாலு பேர் வாங்குபவரைத் தேடவாவது உதவியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அந்த அறிவிப்பு வந்ததிலிருந்து ஒரு கடிகாரம் ஓடுகிறது. 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், டி.ஆர்.டி. என்பார்கள், பிரிவு 17-ன் கீழ் மனு போட வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. திருப்பூருக்குக் கோவை. இது தெரியாத ஒரு வக்கீல் எங்களுக்காகச் சிவில் கோர்ட்டில் தடை கேட்டு வழக்குப் போட்டார். 45,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். சர்ஃபாசி விஷயத்தில் சிவில் கோர்ட் தலையிடவே முடியாது, பிரிவு 34 நேராகத் தடுக்கிறது. வழக்கு நிற்கவில்லை. பணமும் போனது, 45 நாளில் பெரும்பகுதியும் போனது. வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "நீங்க டி.ஆர்.டி.யில ரெகுலரா ஆஜர் ஆகறீங்களா?" என்பதுதான். தீர்ப்பாயக் கட்டணம் நினைத்த அளவு இல்லை: பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேலுள்ள ஒவ்வொரு லட்சத்துக்கும் 250. எங்களுக்குப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. வக்கீல் ஃபீஸ்தான் பெரிது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு. கடன் என் பெயரிலும்தான் இருந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் நடந்துகொண்டிருந்தேன், உள்ளே போய்க் கேட்கலாம் என்று தெரியாமல்.

தீர்ப்பாயத்தில் ஸ்டே கிடைத்தது, ஆனால் சும்மா கிடைக்காது. எட்டு லட்சத்தை இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். என் நகை முழுவதும், அத்தையின் ஆரம், கொழுந்தனார் கொடுத்த கொஞ்சம் எல்லாம் சேர்த்து முதல் நான்கு லட்சத்தைக் கட்டினோம். இரண்டாவது நான்கு லட்சம் புரளவில்லை. கெடு முடிந்ததும் ஸ்டே தானாக விலகிவிட்டது. கட்டிய நான்கு லட்சம் கடனில் கழிந்தது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி அதுவரை ஏறிய வட்டிக்கே சரியாகப் போய்விட்டது. ஸ்டே கேட்கும் முன்பே வக்கீலிடம் உட்கார்ந்து, எவ்வளவு கட்டச் சொல்வார்கள், இரண்டாவது தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பேசிவிடுங்கள். வராது என்று தெரிந்தால், நகையை விற்று முதல் தவணை கட்டாதீர்கள். அந்தக் காசு வாடகை வீட்டு அட்வான்சுக்கும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸுக்கும் தேவைப்படும்.

இந்த இடைவெளியில்தான் ஒருவர் வந்து சேர்ந்தார். ஓ.டி.எஸ்., அதாவது பேசி முடித்த தொகையை ஒரே தவணையில் கட்டிக் கடனைத் தீர்க்கும் ஏற்பாடு, வாங்கித் தருகிறேன், கடனில் பாதியைக் கட்டினால் போதும், எனக்கு 50,000 கொடுங்கள் என்றார். நல்லவேளை, அதைக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை. ஒரே தவணையில் தீர்வு என்பது பேங்க் விருப்பப்பட்டுத் தருவது. கடன் வாங்கியவர் உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதுவும் கடனை விட அதிக மதிப்புள்ள வீடு அடமானத்தில் இருக்கும்போது பேங்க் எதற்குப் பாதிக்கு இறங்கும்? கேட்பதானால் நீங்களே எழுதிக் கேளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம்.

ஸ்டே விலகியதும் பேங்க் பிரிவு 14-ன் கீழ் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டது. கலெக்டரிடமும் போடலாம். நீதிபதி முன்னால் நின்று எங்கள் கஷ்டத்தைச் சொல்லலாம் என்று வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். அதற்காக மருத்துவச் சீட்டு, ஆர்டர் நின்றுபோன கடிதங்கள் எல்லாம் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருந்தார். ஆனால் இந்த மனுவில் நம்மைக் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. பேங்க் அதிகாரி தாக்கல் செய்யும் உறுதிமொழிப் பத்திரம் சட்டம் கேட்கும் விவரங்களோடு இருக்கிறதா என்று பார்த்து உத்தரவு போடுவார்கள். நம் தரப்பைச் சொல்லும் இடம் டி.ஆர்.டி. மட்டும்தான். அந்த ஃபைல் திறக்கப்படாமலே போனதுதான் அவரை ரொம்ப உடைத்தது. வீடு போனதைவிட, ஒரு இடத்தில்கூட நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீதிமன்றம் வீட்டைச் சுவாதீனம் எடுத்துக் கொடுக்க ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக நியமித்தது. நான் பயந்த மாதிரி இல்லை. முதலில் அவர் வந்து உத்தரவைக் காட்டி, கதவில் ஒட்டி, "பசங்களுக்குப் பரீட்சை இருந்தா தேதி கேட்டு எழுதிக் கொடுங்கம்மா" என்று அவரே சொன்னார். எழுதிக் கொடுத்தோம், மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. ஆகவே கமிஷனர் வந்தால் சண்டை போடாதீர்கள், பூட்டிவிட்டு ஊருக்கும் போய்விடாதீர்கள். பூட்டியிருந்தால் போலீஸ் முன்னிலையில் உடைத்து, உள்ளே இருக்கும் சாமான்களைப் பட்டியல் எடுத்து, சீல் வைத்துவிடுவார்கள். அடமானம் வைத்தது வீட்டை மட்டும்தான், கட்டில் பீரோ எல்லாம் உங்களுடையது. ஆனால் சீல் வைத்த பிறகு அதை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் மனுவோடு நடக்க வேண்டும். பிள்ளைகளின் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், மருந்து, கேஸ் புத்தகம், தையல் மிஷின் பில் எல்லாவற்றையும் முதலில் வெளியே கொண்டு போய்விடுங்கள். நாங்கள் ஒரு வாரம் முன்பே வாடகை வீட்டுக்குச் சாமான்களை மாற்றிவிட்டோம். சாவியைக் கொடுக்கும்போது எழுத்தில் ஒப்படைப்புச் சீட்டு வாங்கிக்கொண்டோம். அன்றைக்கு என் சின்னவள் மாடிப்படியில் தான் வளர்த்த தொட்டிச் செடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள், ஒன்றைக்கூட விட மாட்டேன் என்று. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினோம்.

ஏலத்துக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். முதல் ஏலத்தில் யாரும் கேட்காமல் மறுபடி போட்டால் 15 நாள் போதும். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஏலம் முடியும்வரை பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று பலரும் சொல்வார்கள். அது பழைய சட்டம். 2016-ல் திருத்திவிட்டார்கள். இப்போது ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே முழுப்பணத்தையும் கட்டியாக வேண்டும். 2023-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்திவிட்டது. அறிவிப்பு வந்த பிறகு பணத்தைப் புரட்டிக்கொண்டு ஓடினால் வாங்க வேண்டிய கட்டாயம் பேங்குக்கு இல்லை.

முதல் ஏலத்துக்கு ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே கேட்க முடியாத விலை, 52 லட்சம் வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து 46 லட்சமாகக் குறைத்தார்கள், 46 லட்சத்து 40 ஆயிரத்துக்குப் போனது. ஒருவர் மட்டும்தான் கேட்டார். 58-க்கு வந்த அதே வீடு. ஏலச் சொத்து என்றால் வாங்குபவர்கள் வில்லங்கம் இருக்கும் என்று பயப்படுகிறார்கள், 25 சதவீதத்தை உடனே கட்ட வேண்டும், மீதியைப் பொதுவாக 15 நாளில் கட்ட வேண்டும், அதற்குள் லோன் கிடைப்பது கஷ்டம். விலை குறையாமல் என்ன செய்யும்? ரிசர்வ் விலை நிர்ணயிக்கும்போதே மதிப்பீட்டாளரின் அறிக்கையைக் கேட்டு, பக்கத்தில் சமீபத்தில் பதிவான பத்திரங்களின் விலையைக் காட்டி எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை, அப்படி ஒன்று செய்யலாம் என்றே தெரியாது.

கடைசியாக ஒன்று, இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடனும் செலவும் போக மீதிப் பணம் உங்களுடையது. வீடு போனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து அந்தப் பக்கமே போகாதவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் பேங்கிலிருந்து யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஏலத்தொகை முழுவதும் வந்த பிறகு அங்கீகரிக்கப்பட்ட அலுவலருக்குக் கடிதம் எழுதினோம்: ஏலத்தொகை எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, கமிஷனர் ஃபீஸ், பேப்பர் விளம்பரம், செக்யூரிட்டி ஆள், மதிப்பீடு என்று எடுத்த ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வேண்டும், மீதியை எங்கள் கணக்கில் போட வேண்டும் என்று. இரண்டு முறை நினைவூட்டிய பிறகு கணக்கு வந்தது. செலவு மட்டும் 1 லட்சத்து 30 ஆயிரம். ஆட்களே வைக்காத நாட்களுக்குச் செக்யூரிட்டி செலவு போட்டிருந்ததை எதிர்வீட்டு அண்ணா பார்த்துச் சொன்னார், அதை மட்டும் கேட்டு 18,000 குறைக்க வைத்தோம். கடைசியில் 18 லட்சம் வந்தது. அதில் முதல் வேலையாக அத்தையின் ஆரத்தையும் கொழுந்தனார் கொடுத்ததையும் மீட்டுக் கொடுத்தோம். மீதியில் வீட்டுக்காரர் இரண்டு மிஷின் போட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.